முழங்கால் தண்ணீரில் வந்த படகு

ஞாயிற்றுக்கிழமைகளில் சபை முடிந்து வீடு வந்ததும் ரோவீனா தொப்பியைக்கூடக் கழற்றமாட்டாள். நேரே முன்னறைக்குப் போவாள். சன்னல் திரையைப் பாதி இழுத்துவிடுவாள். தாயின் ஆடும் நாற்காலியில் அமர்ந்து, பக்கத்து மேசையில் சுழலும் இசைத்தட்டின் ஓரத்தில் முள்ளை மெல்ல இறக்கிவைப்பாள். சற்று நேரம் தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல ஒரு கரகரப்பு எழும். அதன் பிறகு அவளுடைய அம்மா மஹாலா பாடத் தொடங்குவாள். அந்தப் பாட்டு முடியும்வரை நரைக்கத் தொடங்கிய தலையும், மணமாகி வேறு ஊர்களுக்குப் போய்விட்ட இரண்டு பெண்களும், முழங்கை மூட்டில் நிலைத்துவிட்ட வலியும் ரோவீனாவை விட்டு எங்கோ விலகிப் போய்விடும். அவள் கைக்குழந்தை ஆகிவிடுவாள்.

*மரம் தலையாட்டும், ஓடை கதைசொல்லும்,*
*மலைப்பனி இறங்கிப் போர்வை தரும்,*
*படகொன்று வருது, பஞ்சு மெத்தை போட்டு,*
*ஏறிக்கோ, சின்னக் கண்ணே, விடியுமுன்னே.*

கென்டக்கி மலைகளின் கிழக்கு மூலையில், இரண்டு சரிவுகளுக்கு நடுவே ஓர் ஓடை மட்டும் நடக்க இடமுள்ள அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வெளியுலகத்துக்குப் போனவை இரண்டுதான்: நிலக்கரியும் மஹாலாவின் குரலும். நிலக்கரி எரிந்து தீர்ந்துவிட்டது. குரல் தீரவில்லை. மஹாலா கண்மூடி இருபது ஆண்டுகள் ஆன பின்னும், எந்தெந்த ஊரிலிருந்தோ இளைஞர்கள் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து அவள் கல்லறையருகே நின்றுவிட்டுப் போனார்கள். அந்தத் தட்டின் அட்டையில், 'தன் மகளுக்காகத் தாய் கட்டிய தாலாட்டு' என்று அச்சிட்டிருந்தது. ஆகையால், வந்தவர்கள் கல்லறைக்கு அடுத்தபடியாக ரோவீனாவின் வீட்டு வாசலுக்கு வருவார்கள்.

"நீங்கதான் அந்தக் குழந்தையா?"

"நாந்தான்," என்பாள் ரோவீனா. ஏப்ரனைக் கழற்றிவிட்டு, படம் எடுத்துக்கொள்ள நிற்பாள். தன் வாழ்வில் தான் சாதித்தது என்று சொல்லிக்கொள்ள அவளிடம் வேறெதுவும் இருக்கவில்லை. ஒரு பாட்டுக்குள் குழந்தையாக இருப்பது போதுமானதாக இருந்தது.

அவள் கணவன் டூயி சுரங்கத்திலிருந்து நுரையீரல் கெட்டு ஓய்வுபெற்றவன். ஞாயிறுதோறும் தட்டு ஓய்ந்ததும் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பான்.

"குழந்தை தூங்கிடுச்சா? பெரியவங்க யாராவது எழுந்து வந்தா அவரைக்காயும் சோளரொட்டியும் சாப்பிடலாம்."

"சும்மா இரு, டூயி."

"எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தான் ரோவீ. நம்ம ஓடையில முழங்கால் தண்ணி. தவளையே நடந்துதான் போகுது. உங்கம்மா எங்கேருந்து படகு கொண்டாந்தாங்க?"

"அது தூக்கத்துல வர்ற படகு. உனக்கெங்க புரியப்போகுது."

இருவரும் சிரித்துக்கொள்வார்கள். பல ஆண்டுகளாக அதே கேலி, அதே விடை.

மே மாதத்தின் கடைசி ஞாயிறு, மலைமேல் உள்ள கல்லறைகளுக்குப் பூச்சூட்டிப் பாடும் நாள். அதற்கு முந்தைய வியாழக்கிழமை ரோவீனா சமையலறை மேசையில் காகிதப் பூக்கள் செய்து, அவை மழையில் கரையாமலிருக்க உருகிய மெழுகில் ஒவ்வொன்றாகத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பல்கலைக்கழக நகரத்திலிருந்து ஒரு கார் வந்து நின்றது. ஒல்லியான ஒரு மனிதன் நெஞ்சோடு ஒரு பெட்டியை அணைத்தபடி இறங்கினான். பெயர் நெஸ்பிட், பழைய ஒலிப்பதிவுகளைக் காக்கும் வேலை. முன்பே இருமுறை வந்து அம்மாவின் படங்களைக் கேட்டு வாங்கிப் போனவன்.

"மேடம், உக்காந்துக்குங்க," என்றான், வந்ததும் வராததுமாக. அவன் கண்கள் பளபளத்தன. "உங்கம்மா பாடின வேற தட்டுங்க கிடைச்சிருக்கு. யாருமே கேக்காதது. எல்லாருக்கும் தெரிஞ்ச தட்டுக்கு ஒரு வருஷம் முந்தி, இங்கயே, உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல வெச்சுப் பதிஞ்சது."

ரோவீனாவின் கையிலிருந்த பூ மெழுகுக்குள் நழுவியது.

"இத்தனை நாள் எங்க இருந்துச்சு?"

"எங்க நிலவறையிலதான். 'பாழ், ஒண்ணும் கேக்கல'ன்னு எழுதி மூலையில போட்டிருந்தாங்க. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. எல்லாத் தட்டையும் ஓரத்துல முள்ளை வெச்சுத்தானே கேப்போம்? இதுல முள்ளு நிக்கவே நிக்காது, வழுக்கி வெளிய வந்து விழும். போன மாசம் ஒரு நாள் சலிச்சுப்போய் நடுவுல வெச்சேன். பாட ஆரம்பிச்சுடுச்சு!" அவன் விரலால் காற்றில் சுருள் வரைந்தான், நத்தை ஓட்டைப்போல, உள்ளிருந்து வெளியே. "அந்தக் காலத்துல ஊர் ஊராப் போய்ப் பதியறவங்க சிலர் நடுவுலேருந்துதான் கீறுவாங்க. கீறும்போது நூல் மாதிரி எழும்புற சீவல் முள்ளுல சிக்காம இருக்கணும்ல."

"பாரேன்," என்றான் வாசற்படியில் நின்றிருந்த டூயி. "மாமியார் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்காங்க. எல்லாரும் வேலியில தேடியிருக்கோம்."

நெஸ்பிட் அதை ஒலிநாடாவில் படியெடுத்து, ஓட்டும் கருவியோடு கொண்டுவந்திருந்தான். சுருள்கள் சுழன்றன. தூறல் சத்தம் எழுந்தது. அதன் நடுவிலிருந்து, இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி மூச்சை உள்ளிழுத்தாள். ரோவீனா அறிந்த அம்மா அல்ல. ரோவீனாவின் பெண்களைவிட இளையவள். அவள் பாடினாள். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் முன்பு வேறொரு குரல், தாழ்ந்து உலர்ந்த பெண்குரல், ஏதோ முணுமுணுத்தது.

"பாட்டு அற்புதம்," என்றான் நெஸ்பிட். "இந்த ஒரு தொந்தரவுதான். யாரோ ஒரு அம்மா பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே இருந்திருக்காங்க. நல்ல வேளை, பாட்டு மேல விழல, அடிக்கு அடி நடுவுலதான் வருது. நாடாவை அங்கங்க வெட்டி ஒட்டிட்டா போதும், உங்கம்மா குரல் மட்டும் சுத்தமா நிக்கும். புதுத் தட்டா வெளிய கொண்டுவரலாம்னு இருக்கோம். மகள்ங்கிற முறையில நீங்க சரின்னு சொல்லணும்."

ரோவீனா நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உலர்ந்த குரலை அவள் அறிவாள். குழந்தைப் பருவம் முழுவதும் ஓடைக்கு அக்கரையிலிருந்து அந்திநேரத்தில் பசுவைக் கூப்பிட்ட குரல் அது.

"வெட்டிடுங்க," என்றாள். வாய் மனத்துக்கு முன்னால் ஓடிவிட்டது.

"ரொம்ப நல்லது. ஞாயித்துக்கிழமை மலைமேல பாடுறதைப் பதிய வருவேன். திங்கக்கிழமை வேலைய ஆரம்பிச்சுடலாம்." கருவியையும் நாடாவையும் அவளிடமே விட்டுவிட்டு அவன் புறப்பட்டான்.

டூயி மெழுகில் விழுந்த பூவைக் கரண்டியால் எடுத்துத் தட்டில் வைத்தான்.

மறுநாள் மலையிலிருந்து பனி இறங்கவே மனமில்லாமல் சன்னலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைதான் என்றாலும் ரோவீனா முன்னறைக்குப் போய், திரையைப் பாதி இழுத்துவிட்டு, ஆடும் நாற்காலியில் அமர்ந்து நாடாவை ஓடவிட்டாள். கண்களை மூடினாள். குழந்தையாகிவிட முயன்றாள்.

*மரம் தலையாட்டும், ஓடை கதைசொல்லும்* என்றது உலர்ந்த குரல், பாடாமல், ஓதுவதுபோல. அம்மா அதை வாங்கி, நீட்டி, வளைத்து, மலைச்சரிவில் பனி இறங்குவதுபோல இறக்கிப் பாடினாள். அடுத்த அடி வந்தது. அம்மா வாங்கினாள்.

அந்தப் பள்ளத்தாக்கின் சபையில் வாத்தியம் கிடையாது. இராகம் எழுதிய புத்தகமும் கிடையாது. பெரியவர் ஒருவர் எழுந்து அடியெடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். வீட்டுப் பாட்டுகளில் அந்த வழக்கம் இல்லை. அவரவர் பாட்டு அவரவர் நெஞ்சிலிருந்து வரும். பாட்டு ஒருவருடையதாகவும் பாடுகிறவர் வேறொருவராகவும் இருந்தால் மட்டுமே, உடையவர் அடியெடுத்துக் கொடுப்பார். பாடுகிறவர் அதற்காகக் காத்திருப்பார். இது அங்கே பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். வெளியூர்க்காரனுக்கு அது முணுமுணுப்பு.

அம்மா காத்திருந்தாள். ஒவ்வோர் அடிக்கும் காத்திருந்தாள்.

நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. பனிக்குள்ளிருந்தோ நாடாவுக்குள்ளிருந்தோ ஒரு பழைய கதை எழுந்து வந்தது. ரோவீனா சிறுமியாக இருந்தபோது அம்மா அடிக்கடி சொன்ன கதை. காட்டில் ஒரு சின்னக் குருவி இருந்ததாம். அதற்குள் ஒரு பாட்டு இருந்ததாம். பாடினால் நெஞ்சு வெடித்துவிடும், பாடாவிட்டாலும் வெடித்துவிடும். எல்லாப் பறவைகளைப் போலவும் கூவத் தெரிந்த சாம்பல் பறவையிடம் போய், 'நான் சொல்கிறேன், எனக்காக நீ பாடு' என்றதாம். சாம்பல் பறவை மரத்தின் உச்சிக்கொம்பில் ஏறிப் பாடியது. காடே நின்று கேட்டது. 'ஆகா, சாம்பல் பறவையின் பாட்டு!' என்று எல்லாரும் சொன்னார்கள். சாம்பல் பறவை வாய் திறந்து மறுக்கவில்லை. அங்கே கதை நின்றுவிடும்.

"அப்புறம் குருவி கோவிச்சுக்கிச்சாம்மா?" என்று ரோவீனா கேட்பாள்.

"தெரியலடி கண்ணு," என்பாள் அம்மா, சன்னலுக்கு வெளியே, ஓடைக்கு அக்கரையைப் பார்த்தபடி. "அதுகிட்ட இன்னும் கேக்கல."

நாடாவில் மூன்றாம் அடி முடிந்து, நான்காம் அடி வந்தது. *ஏறிக்கோ* என்றது உலர்ந்த குரல். அத்துடன் நின்றுவிட்டது. கரகரப்பு மட்டும். தூறல், தூறல், தூறல். யாரோ உதட்டைக் கடித்துக்கொள்ளும் அளவு நேரம். பிறகு *விடியுமுன்னே* என்று மட்டும் கேட்டது. அம்மா ஒரு கணம் தயங்கினாள். நடுவே இருந்த பள்ளத்தைத் தானே நிரப்பினாள்: *சின்னக் கண்ணே*.

பாட்டு ஓய்ந்ததும் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. அந்தச் சிணுங்கல் அம்மாவின் பக்கத்திலிருந்து வரவில்லை. உலர்ந்த குரலுக்கு மிக அருகே, அதன் மடியிலிருந்து வந்தது.

ரோவீனா கண் திறந்தபோது வாசலில் டூயி நின்றிருந்தான். எத்தனை நேரமாக நின்றானோ.

"அக்கரை மிண்டி," என்றான்.

"ம்."

"மிண்டியோட பையன் அந்த வருஷந்தானே... காய்ச்சல்ல போனான்?"

"ம்."

டூயி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "தூங்கவைக்கிற படகு இல்ல ரோவீ அது," என்றான் தாழ்ந்த குரலில். "அது அந்தப் பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போன படகு. நான் ஒரு முட்டாள். வருஷக்கணக்கா தவளைக் கதை சொல்லிச் சிரிச்சிருக்கேன்."

"நீ தெரியாம சிரிச்ச. நான் சொன்னது என்னன்னு ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு மட்டுமல்ல, பள்ளத்தாக்கில் யாருக்கும் அது மறக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, இதே பூச்சூட்டும் நாளில், ரோவீனா வழக்கம்போல் அம்மாவின் கல்லறையருகே நின்று அந்தத் தாலாட்டைப் பாடி முடித்தபோது, மிண்டி கூட்டத்திலிருந்து எழுந்து வந்தாள். அம்மாவின் நெருங்கிய தோழி. ரோவீனாவுக்குச் சித்தி முறையாக இருந்தவள். "நல்லாப் பாடின, பொண்ணே," என்றாள். "ஆனா அது என் பிள்ளையோட பாட்டு. நான் கட்டினது. நான் போறதுக்குள்ள ஒருத்தர்கிட்டயாவது சொல்லிடணும்னு இருந்துச்சு." அன்று வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரோவீனாவுக்குள் ஏதோ தீப்பிடித்தது. பாட்டுக்குள் இருந்த தன் தொட்டிலிலிருந்து யாரோ தன்னைத் தூக்கி வெளியே போடுவதுபோல் இருந்தது. எல்லார் காதிலும் விழும்படி அவள் சொன்னாள்: "பெத்த ஒரு பிள்ளையக் காப்பாத்தத் தெரியாதவளுக்குத் தாலாட்டு எதுக்கு?"

மிண்டி திரும்பி மலையிறங்கிப் போனாள். அதன் பிறகு ஒருமுறையும் அந்த ஞாயிற்றுக்கிழமையில் அவள் மலையேறியதில்லை. மறுநாள் திங்கட்கிழமை, கூட்டமெல்லாம் கலைந்த பின், தனியாக ஏறி வந்து, வேலியோரத்திலிருக்கும் தன் பிள்ளையின் பெயரெழுதாத சின்னக் கல்லுக்குப் பூ வைத்துவிட்டுப் போவாள்.

சனிக்கிழமை பிற்பகல் ரோவீனா ஓடையைக் கடந்தாள். மரப்பாலம் இருந்தும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தாள். அது முழங்காலுக்கும் எட்டவில்லை.

மிண்டி வீட்டின் பின்புறம் தக்காளி நாற்றுகளுக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தாள். எழுபதைத் தாண்டியவள், முதுகு வளைந்தும் கை தளராதவள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வழி தவறி வந்துட்டியா? உங்க வீடு அந்தப் பக்கம்."

"உங்களப் பாக்கத்தான் வந்தேன், மிண்டி சித்தி."

"சித்தியா!" மிண்டி குச்சியை மண்ணில் குத்தினாள். "அந்த வார்த்தை இன்னும் உன் வாயில இருக்கா? துருப்பிடிச்சிருக்கும்னு நெனச்சேன்."

ரோவீனா தலை குனிந்து நின்றாள். பிறகு நாடாவைப் பற்றிச் சொன்னாள். நடுவிலிருந்து சுழலும் தட்டைப் பற்றி, அடிக்கு அடி கேட்ட குரலைப் பற்றி. மிண்டியின் கை குச்சியின் மேல் அசையாமல் நின்றுவிட்டது.

"அது இன்னும் இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"அந்தப் பட்டணத்து மனுசன் கருவிய வெச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடத்துல உக்காந்திருந்தான். ஆளாளுக்குப் பாட்டுக் குடுத்தாங்க. எங்க பிள்ளைய மலையில வெச்சுட்டு வந்து ரெண்டு வாரந்தான் ஆச்சு. உங்கம்மாகிட்ட சொன்னேன், இது எனக்குள்ள கிடந்து குத்துது, என்னால பாட முடியாது, சொல்லத்தான் முடியும், நீ பாடுடி மஹாலான்னு." மிண்டி ஏப்ரனால் கையைத் துடைத்தாள், கையில் மண் இல்லாத இடத்தில். "பாடினா. அடுத்த வருசம் பெரிய ஊருக்குக் கூப்பிட்டுப் போய்ப் பாடச் சொன்னாங்களாம். உன்ன இடுப்புல வெச்சுக்கிட்டுத்தான் போனா. பார்த்தவங்க இடுப்புல இருந்த குழந்தைக்கான பாட்டுன்னே நெனச்சுக்கிட்டாங்க."

"அம்மா ஏன் சொல்லல?"

"கூச்சம். அப்புறம் பயம். அப்புறம் நாளாயிடுச்சு. கோவமாடின்னு வாய்விட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல. வாரா வாரம் மட்டும் ஏதாவது சுட்டு எடுத்துக்கிட்டு வந்து நிப்பா. மூஞ்சியப் பாத்தாலே தெரியும், கேக்க வந்திருக்கான்னு. நானும் சொல்லல. பாட்டு ஊர் ஊராப் போகுது, என் பிள்ளையும் கூடவே போறான்னு நெனச்சுக்கிட்டேன்." அவள் சற்று நிறுத்தினாள். "வயசான பிறகுதான் வேற மாதிரி தோணிச்சு. அவனுக்குன்னு இந்த உலகத்துல இருக்கிறது அந்தப் பாட்டு ஒண்ணுதான். நான் போயிட்டா அதுவும் உன் பேர்லயே போயிடும்ல?"

"அந்தத் தட்டுல ஒரு குழந்தை சிணுங்குது, சித்தி."

"நீதான். என் மடியில இருந்த. மஹாலா பாடுறப்ப நீ இழுத்துக்கிட்டே இருப்பேன்னு எங்கிட்ட குடுத்திருந்தா. கைய வெறுமனே வெச்சுக்க என்னாலயும் முடியல."

ரோவீனா மண்ணில் மண்டியிட்டாள். "நான் அன்னைக்குச் சொன்னதுக்கு... என்ன மன்னிச்சுடுங்க."

கோழியொன்று இருவருக்கும் நடுவே நடந்து போயிற்று. பிறகு மிண்டி சொன்னாள், கோபமில்லாமல், பழைய உலர்ந்த குரலில்:

"ஏசுனது ஊர் நடுவுல. மன்னிப்பு கேக்குறது தக்காளிக் கொல்லையிலயா? தக்காளிக்கு என்ன தெரியும் பாவம். எழுந்திரு, நாத்து மிதிபடுது."

"நாளைக்கு மலைக்கு வாங்க, சித்தி."

"என் முட்டிய கேட்டுச் சொல்றேன்," என்றாள் மிண்டி. அடுத்த குச்சியை எடுத்தாள்.

ஞாயிறு காலையில் மலையின்மேல் எல்லாக் கல்லறைகளும் பூச்சூடியிருந்தன. பனி கலைந்தும் கலையாமலும் மரங்களுக்கிடையே நின்றது. நீண்ட பலகைகளின் மேல் விரித்த துணிகளில் பொரித்த கோழியும் அவரைக் குழம்பும் ஆப்பிள் அடுக்குக் கேக்கும் காத்திருந்தன. பெரியவர் ஆசா அடியெடுத்துக் கொடுக்க, சபையார் வாங்கிப் பாடினார்கள். நெஸ்பிட் மரத்தடியில் கருவியோடு உட்கார்ந்திருந்தான், நாடா சுழன்றுகொண்டிருந்தது.

ஒவ்வோர் ஆண்டும் உணவுக்கு முன் கடைசிப் பாட்டு ரோவீனாவினுடையது. அவள் எழுந்து அம்மாவின் கல்லறையருகே போனபோது பேச்சு அடங்கியது. அவள் அம்மாவின் கல்லைத் தொட்டாள். நிமிர்ந்து பார்த்தாள்.

வேலியோரத்தில், சின்னக் கல்லின் பக்கத்தில், கறுப்புத் தொப்பியும் கைத்தடியுமாக மிண்டி நின்றிருந்தாள். எப்போது ஏறி வந்தாள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. பனிதான் கொண்டுவந்து இறக்கியதுபோல் இருந்தது.

ரோவீனா பாடவில்லை. கல்லறைகளுக்கு நடுவே நடந்து, அத்தனை கண்களும் பின்தொடர, மிண்டியின் முன்னால் போய் நின்றாள். திரும்பி, மலைமேல் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இந்த இடத்துல நான் ஒரு வார்த்தை சொன்னேன். நீங்க எல்லாரும் கேட்டீங்க. அது பொய், கொடுமையும்கூட. நான் இத்தனை வருஷமாப் பாடின பாட்டு என்னோடது இல்ல. எங்கம்மாவோடதும் இல்ல. மிண்டி சித்தி அவங்க பிள்ளைக்குக் கட்டினது. அந்தப் பாட்டுல இருக்கிற குழந்தை நான் இல்ல." அவள் மரத்தடிப் பக்கம் பார்த்தாள். "மிஸ்டர் நெஸ்பிட், நான் வெட்டச் சொன்னேன். வெட்டாதீங்க. அது முணுமுணுப்பு இல்ல. அதுதான் பாட்டு."

நெஸ்பிட் எழுந்து நின்றுவிட்டான். தலையை மட்டும் அசைத்தான்.

ரோவீனா மிண்டியின் பக்கம் திரும்பினாள். தன் தாய் பள்ளிக்கூடத்தில் நின்றிருப்பாளே, அதுபோல் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"எனக்கு இந்தப் பாட்டு தெரியாது, சித்தி. அடி எடுத்துக் குடுங்க."

பெரியவர் ஆசா தொண்டையைச் செருமினார். "சகோதரி, பொம்பளைங்க அடி எடுத்துக் குடுக்கிறது நம்ம வழக்கத்துல..."

"சபை கூரைக்குக் கீழதானே அந்த வழக்கம், ஆசா?" என்றான் டூயி பின்னாலிருந்து. "இங்க கூரை எங்க இருக்குன்னு காட்டு, நான் உக்காந்துடுறேன்."

ஆசா மேலே பார்த்தார். வானம் மட்டும் இருந்தது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஆசா தொப்பியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மிண்டி கைத்தடியை வேலியில் சாய்த்துவைத்தாள். குனிந்து அந்தச் சின்னக் கல்லைப் பார்த்தாள். பிறகு அந்தியில் பசுவைக் கூப்பிட்ட அதே உலர்ந்த குரல் எழுந்தது.

*மரம் தலையாட்டும், ஓடை கதைசொல்லும்...*

ரோவீனா காத்திருந்து, வாங்கி, பாடினாள். வாழ்நாளெல்லாம் பாடிய அடியை முதன்முறை கேட்பவளைப்போலப் பாடினாள். இரண்டாம் அடியில் ஒன்றிரண்டு குரல்கள் சேர்ந்தன. மூன்றாம் அடியில், படகு வந்தபோது, மலையே சேர்ந்துகொண்டது. கீழே ஓடை முழங்கால் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் நின்ற பனி வெள்ளையாக, நீளமாக, மெல்ல நகர்ந்தது.

*ஏறிக்கோ* என்றாள் மிண்டி.

நின்றுவிட்டாள். மரத்தடியில் நாடா சுழலும் சத்தம் மட்டும் கேட்டது. ரோவீனாவுக்கு அந்தப் பள்ளத்தை நிரப்பும் சொல் நுனிநாக்கில் இருந்தது. அவள் அதை விழுங்கிக்கொண்டு காத்திருந்தாள். மிண்டியின் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மிண்டி மூச்சை உள்ளிழுத்தாள்.

*ஏறிக்கோ, எனோஸு, விடியுமுன்னே.*

அந்தப் பிள்ளையின் பெயரை மலை அன்றுதான் கேட்டது. ரோவீனா அதை வாங்கினாள்; நீட்டி, வளைத்து, ஓர் எழுத்தும் சிதறாமல், உடையவளிடமே திரும்பக் கொடுப்பதுபோல் பாடினாள்.